அழிரப்பர் வைத்திராத பெண்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், பேங்க் படிவமும், பையன் பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டரும்தான். நாலு பேர் முன்னால் பேச எழுந்தால் உடனே உட்கார்ந்துவிடுவேன். என்னைப் போன்றவள் இன்னொருத்தியைப் பற்றி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும். ஆனால் அந்தப் பெண்ணைப் பற்றி என் வீட்டுக்காரர் ஒரு மாதிரியும் பக்கத்து வீட்டு அக்கா ஒரு மாதிரியும் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நடந்தது எனக்குத்தான் சரியாகத் தெரியும். தப்பு செய்தவள் நான்தானே.

அவள் பெயரை எழுதவில்லை. கேட்காமல் எழுதுவது முறையில்லை. தவிர, அந்தப் பெயர் எங்கள் யார் வாயிலும் சரியாக வந்ததும் இல்லை. சுரங்கக்காரர்களுக்காகக் கட்டின எங்கள் லைன் வீடுகள் முழுக்க அவளுக்கு 'போலந்துப் பாப்பா' என்றே பெயர். வயது இருபத்திரண்டு. படிப்பில் ஒரு பகுதியாக வெளிநாடு போய் ஆராய்ச்சி வேலை பழக வேண்டுமாம். பெங்களூரில் ஒரு காலேஜ் புரொபசர் அவளை இங்கே எங்கள் பழைய தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸுக்கு அனுப்பினார். எங்கள் பையன் ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டதால் முன்னறை காலியாக இருந்தது. தெரிந்தவர் ஒருவர் கேட்டார், என் வீட்டுக்காரர் சரி என்றுவிட்டார். என்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். வெள்ளைக்காரப் பெண்ணோடு பகல் முழுக்க வீட்டில் தனியாக இருந்து என்ன பேசுவது?

வந்த அன்று மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டேன். பசியில்லை என்றாள். நான் சோற்றை மூடி வைத்தேன். அரைமணி நேரம் கழித்து அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "நான் முன்னால் சொன்னது சரியில்லை. பசி இருந்தது. கூச்சத்தில் அப்படிச் சொன்னேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நாமும் பசியோடு இருந்துகொண்டு இல்லை என்கிறவர்கள்தான். ஆனால் திரும்பி வந்து அதைத் திருத்துகிற ஆளை நான் பார்த்ததில்லை.

அவளுக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்லை, எனக்கும் இல்லை. அவளும் யோசித்து யோசித்துப் பேசுவாள், நானும் அப்படியே. அதனாலேயோ என்னவோ ஒரு வாரத்தில் எனக்குப் பயம் விட்டுப்போயிற்று.

அவள் வேலை தூசு அளப்பது. சுரங்கம் ஓடின காலத்தில் தங்கத்தைப் பிரித்து எடுத்துவிட்டு மிச்ச மண்ணைக் கொட்டிக் கொட்டி, எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் குன்று குன்றாக நிற்கிறது. சைனைட் மேடு என்போம். ஆடி மாதம் காற்று எழுந்தால் அந்த மாவு மாதிரித் தூசு கதவைச் சாத்தினாலும் வரும். தலையணையில் இருக்கும், சோற்றில் நறநறக்கும். இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து காலையில் எழுந்ததும் என் கை முதலில் தேடுவது ஈரத்துணியைத்தான். ஜன்னல், டிவி, சாமான், சிலுவைப் படம் எல்லாவற்றையும் துடைத்த பிறகுதான் டீ. லைனில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

அவளிடம் ஒரு பெரிய நோட்டு இருந்தது. கெட்டி அட்டை, பக்கத்துக்குப் பக்கம் நம்பர். பேனாவில்தான் எழுதுவாள். எழுதும்போது தப்பினால் அதன் மேல் ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, தன் பெயரின் இரண்டு எழுத்தும் தேதியும் போடுவாள். எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினால்தான் மார்க். நான் ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாளையே ஓட்டையாக்கி டீச்சரிடம் அடி வாங்கியவள். ஒரு நாள் பையனின் பழைய டப்பாவில் இருந்து ஒரு ரப்பர் எடுத்து அவளுக்குக் கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கிப் பார்த்துவிட்டு மேஜை மேல் வைத்தாள். ஊருக்குப் போகிற வரை அது அங்கேயே இருந்தது. தப்பை அழித்தால் அடுத்து வருகிறவனுக்கு எங்கே தப்பு நடக்கும் என்று தெரியாது என்பது அவள் கட்சி.

நோட்டில் எப்படியோ ஆளும் அப்படியே. வெள்ளிக்கிழமை தோறும் என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகிற காலை ரயிலில் அவளும் பெங்களூர் போவாள். அந்தப் பெட்டியில் பங்காருபேட்டை தாண்டியதும் சீட்டு விளையாட்டு ஆரம்பித்துவிடும். இவளையும் சேர்த்துக்கொண்டார்கள். தப்பான சீட்டை இறக்கிவிட்டால், யாரும் கவனிக்காவிட்டாலும், இவளே சொல்லிவிடுவாளாம். "அதோட கட்சி சேர்ந்தா தோத்த மாதிரிதான்" என்று இவர் வந்து புலம்புவார். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அவளுக்கு இடம் பிடித்து வைக்கிறவரும் இவர்தான்.

ஒரு தடவை காய்ச்சலில் படுத்திருந்தாள். அவள் அம்மா போன் செய்தபோது நன்றாக இருக்கிறேன் என்று சொன்னது எனக்கே குரலில் புரிந்தது. வைத்துவிட்டாள். பிறகு இவளே திரும்பக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். அந்தப் பக்கம் அம்மா பதறுகிறது எனக்குக் கேட்டது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அத்தனை தூரத்தில் இருக்கிறவளை இப்படிப் பயமுறுத்தலாமா என்று கேட்டேன்.

"இன்றைக்குப் பயப்படட்டும் அக்கா. நாளைக்கு நான் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் அதை நம்புவார்கள்" என்றாள்.

அக்கா என்று கூப்பிடப் பக்கத்து வீட்டு அக்காதான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது. அந்த அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம், கையும் தாராளம். முதல் வாரமே ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்பு கொடுத்தாள். பாப்பா சாப்பிட்டு ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் அவள் வீட்டு வாசலில் போய் நின்று, சைகையும் நாலு தமிழ் வார்த்தையுமாக, நேற்றுச் சொன்னது சரியில்லை, காரம் தாங்காமல் முக்கால்வாசியை நாய்க்கு வைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். அக்கா என்னிடம் வந்து ஒரு பாட்டம் தீர்த்தாள். "இன்னாமா இது, குடுத்தத தின்னுட்டு நல்லாயிருக்குதுன்னா. இப்ப வந்து நாய்க்கு வெச்சேன்றா. எந்த நாய்க்குன்னு கேளு, அதுக்காவது புடிச்சுதான்னு தெரிஞ்சிக்கலாம்." அப்புறம் காரம் குறைத்து இன்னொரு கிண்ணம் வந்தது.

ஆனால் இன்னொரு விஷயத்தில் அக்கா மனசு ஆறவில்லை. அவள் வீட்டுக்காரர் மைன்ஸில் இருந்தவர். பல வருஷமாக இருமல். அக்கா பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இவருக்கு இருமல் இந்தத் தூசாலதானே என்று கேட்டாள். நான்தான் இங்கிலீஷில் சொன்னேன். தூசு எவ்வளவு வருகிறது என்று அளக்கத்தான் தனக்குத் தெரியும், அது உடம்பை என்ன செய்கிறது என்று தனக்குத் தெரியாது என்றாள் பாப்பா. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று எனக்கே தோன்றியது. அக்கா கையை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு கிண்ணம் வரவில்லை.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

ஆடி பிறக்கும் சமயத்தில் லைனில் ஆறு வீடு தேர்ந்தெடுத்தாள். ஒவ்வொரு வீட்டிலும் பின்பக்கம் பாத்ரூம் மேலே இருக்கிற சிமெண்டுத் தளத்தில் ஒரு பெரிய வாய் ஜாடி. அதில் ஒரு கோடு, அந்தக் கோடு வரை தண்ணீர். காற்றில் வருகிற தூசு அதில் விழுந்து தங்கும். முப்பது நாள் கழித்து எடுத்து, பெங்களூர் கொண்டுபோய் வடிகட்டி எடை போடுவது. அதுவரை அவளே கிட்டப் போகக் கூடாதாம். ஜாடி நிற்கிறதா என்று சந்தில் இருந்து பார்த்துக்கொள்வாள். யாரும் தொடாதீர்கள் என்று ஆறு வீட்டிலும் சொன்னாள். ஆறு வீட்டிலும் அதைத் தமிழில் சொன்னவள் நான்.

ஜாடியில் வீட்டுக்காரி பெயரை ஒட்டியிருந்தாள். கடைசியில் எந்த வீட்டில் எவ்வளவு என்று காலேஜில் எல்லோருக்கும் காட்டுவீர்களா என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம், பெரிய திரையில் என்று பாப்பா சொன்னாள். அதையும் நான்தான் சொன்னேன்.

அன்று முழுக்க நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பெங்களூர் காலேஜில், படித்தவர்கள் உட்கார்ந்திருக்க, திரையில் என் பெயர். அதற்கு எதிரே இவ்வளவு தூசு. இவள் வீடு பெருக்க மாட்டாளா என்று நினைப்பார்களே. மூன்றாம் நாள் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். தண்ணீர் மேல் பாலாடை மாதிரி படிந்திருந்தது. கீழே இறக்கினேன், கொட்டினேன், துணியால் உள்ளே துடைத்தேன், நல்ல தண்ணீர் ஊற்றினேன். கோட்டுக்கு ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த மட்டும் ஒழுங்கு. பிறகு அது காலை வேலையில் ஒன்றாகிவிட்டது. அவள் கையில் ஒரு சின்ன மெஷினைப் பிடித்துக்கொண்டு தெரு முனைகளில் காற்று எவ்வளவு வேகம் என்று அளக்கப் போயிருப்பாள். நான் ஜன்னல், டிவி, சாமான், அப்புறம் ஜாடி. அது தப்பு என்றே என் மூளையில் ஏறவில்லை. தூசைத் துடைப்பது எப்படித் தப்பாகும்?

முப்பது நாள் முடிந்தது. ஆறு ஜாடியையும் மூடி போட்டு பெங்களூர் கொண்டுபோனாள். மூன்று நாள் அங்கே தங்கி எடை போட்டுவிட்டு வந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. வடிகட்டின தாள்களில் ஒன்றுமே இல்லையாம், கிட்டத்தட்ட வெள்ளையாம். ஜன்னலில் விரலால் தேய்த்துப் பார்த்தாள். விரலில் வந்தது. தாளில் வரவில்லை. தூசு ஒருவேளை தாழப் பறக்கிறதோ, ஜாடி உயரத்துக்கு வருவதில்லையோ என்று தனக்குள் பேசிக்கொண்டாள். பிறகு நோட்டைத் திறந்தாள். ஜாடி வைத்த அன்றைக்குத் தான் நினைத்ததை எழுதி வைத்திருந்தாளாம்: இந்த வீடுகளுக்கு மேட்டுத் தூசு நிறைய வருகிறது என்று. நான் டீ கொண்டுபோய் வைக்கும்போது அந்த வரியின் மேல் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே கோடு. பக்கத்தில் இரண்டு எழுத்து, தேதி.

"நான் நினைத்தது தவறு அக்கா. எடைக் கணக்குப்படி இங்கே காற்று சுத்தம்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் எழுதியிருந்தது சரி. அதை அவளே அடித்துக்கொண்டிருக்கிறாள். நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எத்தனையோ வருஷமாக இந்த லைனில் தூசு, தூசு என்று மனு கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். முதல் தடவையாக ஒருத்தி வந்து அளந்தாள். இனி யார் கேட்டாலும், அளந்தாயிற்று, சாம்பியனில் தூசு இல்லை என்று ஒரு தாளைக் காட்டுவார்கள்.

இரண்டு நாள் சொல்லவில்லை. அவள் ஊருக்குப் போக எட்டு நாள்தான் இருந்தது. அதற்குள் ஒரு வெள்ளிக்கிழமை காலேஜில் பேச வேண்டும். மூன்றாம் நாள் மத்தியானம் அவள் தட்டில் மோர் ஊற்றும்போது வாயைத் திறந்தேன். நான் கழுவினேன் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. கையால் துடைத்துக் காட்டினேன். எத்தனை தடவை என்று கேட்டாள். தினமும் என்றேன். தினமுமா என்றாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக நேரமாகிவிடும், அன்றைக்கு மட்டும் இல்லை என்றேன்.

அவள் முகம் கழுத்து வரை சிவந்தது. எழுந்து போய் வாசல் குழாயடியில் நின்றாள். பிறகு வந்து பாதியில் விட்ட சோற்றைச் சாப்பிட்டு முடித்தாள். கோபம் இல்லை அக்கா என்றாள். சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்து, கோபம் இல்லை என்றது சரியில்லை, ரொம்பக் கோபம், இப்போதும் கொஞ்சம் இருக்கிறது என்றாள். அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

என் வீட்டுக் கணக்கை அடித்துவிடலாம். மற்ற ஐந்து ஜாடிகளும் ஏன் வெள்ளை? அவளும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் சொன்னேன், அவர்களும் கழுவியிருப்பார்கள், நிச்சயம். அவள் தலையை ஆட்டினாள். நான் நினைப்பதை வைத்து அவள் கோடு போட மாட்டாளாம். கழுவினவர்களே சொல்ல வேண்டும்.

யார் வீட்டுக்கும் காரியம் இல்லாமல் போகாதவள் நான். அன்றைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வாசலாக ஏறினேன். கேள்வி கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை. நான் கழுவினேன், தினமும் கழுவினேன், வெட்கமாக இருக்கிறது என்று என் கதையைச் சொன்னேன். முதல் வீட்டில் அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீங்களுமா என்றாள். அவள் இரண்டு நாளைக்கு ஒரு தடவை. அடுத்த வீட்டில் மாமியாருக்குத் தெரியாமல் மருமகளும் மருமகளுக்குத் தெரியாமல் மாமியாரும் கழுவியிருக்கிறார்கள். அங்கே எங்கள் எதிரிலேயே சண்டை. நாலு வீடு முடிந்தது. பாப்பா ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள்.

கடைசியாகப் பக்கத்து வீட்டு அக்கா. நான் தொடவே இல்லை என்று நின்றாள். என் கதை அவளிடம் பலிக்கவில்லை. இருமலைக் கேட்டால் தெரியாது, தெரியாது என்று சொல்கிறவளுக்கு நான் ஏன் சொல்லணும் என்று பாப்பாவைப் பார்க்காமலே சொன்னாள். அப்போதுதான் எனக்குக் கழுவியிருக்கிறாள் என்று உறுதியாயிற்று. ஆனால் அது போதாதே.

எனக்கு எங்கிருந்து வார்த்தை வந்ததோ தெரியாது.

"அக்கா, அஞ்சு வீட்டையும் அடிச்சிடுவா. உங்க வீடு மட்டும் நிக்கும். தூசே இல்லாத வீடுன்னு உங்க பேரு போடுவா."

"போடட்டும். என் வீடு சுத்தமாதான் இருக்குது" என்றாள். நன்றாக நிமிர்ந்துகொண்டாள்.

உள்ளே அவள் வீட்டுக்காரர் இருமினார். வழக்கமான இருமல்தான், முடிகிற வரை யாரும் பேச மாட்டோம். முடிந்தது. அக்கா கதவுப் பக்கம் திரும்பி நின்றாள்.

"அப்ப இவருக்கு இருமல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேப்பானுங்களா?"

பாப்பாவுக்கு நான் இதை மொழிபெயர்க்கவில்லை.

"கழுவினேன்னு எழுதிக்கச் சொல்லு. வாரத்துக்கு மூணு வாட்டி. சோப்பு போட்டு" என்றாள்.

பாப்பா அங்கேயே படியில் உட்கார்ந்து எழுதினாள். வீட்டுக்கு வந்து ஆறு எண்களின் மேலும் கோடு போட்டாள். முன்னால் அடித்திருந்த வரியை என்ன செய்வாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதை மீட்கவில்லை. அது சரி என்றும் இப்போது சொல்ல முடியாது, தப்பு என்றும் சொல்ல முடியாது, தெரியாது என்று கீழே எழுதினாள்.

இதில் அவளுக்கு நஷ்டம் உண்டு. வெள்ளிக்கிழமை காலேஜில் அவள் காட்ட ஒரு எண்ணும் இல்லை. நடந்ததை அப்படியே சொன்னாளாம். ஜாடியை ஆறு வீட்டிலும் கழுவினார்கள் என்றதும் எல்லோரும் சிரித்தார்களாம். புரொபசர் சிரிக்கவில்லை. வேலை முடிந்ததாகக் கணக்கில் எடுக்க முடியாது என்றுவிட்டார். குளிர்காலத்தில் அவள் தன் ஊரில் வேறு எங்கேயாவது முதலிலிருந்து செய்ய வேண்டும், படிப்பு முடிய அரை வருஷம் தள்ளிப்போகும். ரயிலில் வரும்போது அழுதாள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். என்னிடம் அவள் அழவில்லை. வருத்தமா என்று கேட்டேன், ஆமாம் என்றாள். என் மேலா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, கொஞ்சம் என்றாள். அந்தக் கொஞ்சத்தை நான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

போகிறதற்கு முன் புரொபசரிடம் பேசி ஒன்று செய்தாள். ஜாடிகளை இங்கேயே விட்டுவிட்டுப் போவது, முப்பது நாள் கழித்துக் காலேஜில் இருந்து வேறொருவர் வந்து எடுத்துப் போவது. அந்த எண் வந்தால் அவளுக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை, அவள் பெயரும் அதில் இருக்காது. ஒட்டியிருந்த எங்கள் பெயர்களை எல்லாம் உரித்துவிட்டு வெறும் நம்பர் ஒட்டினாள். ஏன் கழுவினோம் என்று நாங்கள் யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்பினாள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு டப்பாவில் ஊறுகாய் கொண்டுவந்து, காரம்தான், தின்னாட்டி அங்க இருக்கிற நாய்க்கு வை என்று கொடுத்தாள். நான் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். பாப்பா அக்காவைக் கட்டிக்கொண்டாள். என்னையும் கட்டிக்கொண்டாள். நான் ரயிலுக்கு நேரமாகிறது என்றேன்.

மறுநாள் திங்கட்கிழமை. காலை ஏழு மணிக்குள் ஆறு வீட்டிலும் ஜாடியை மேலே வைத்துக் கோடு வரை தண்ணீர் ஊற்றினோம். மேற்கிலிருந்து காற்று அடித்தது. நான் ஜன்னல், டிவி, சாமான் எல்லாம் துடைத்துவிட்டு, ஜாடிப் பக்கம் போகாமல் துணியைப் பிழிந்து கொடியில் போட்டேன்.